தண்ணீர்மலை அடிவாரத்தில் மூன்று ராத்திரி

காதுக்குள் இன்னும் உறுமி அடித்துக்கொண்டிருக்கிறது. மலேசியாவின் பினாங்குத் தைப்பூசத்துக்கு எப்படி வருவது, எங்கே தங்குவது, எவ்வளவு செலவாகும் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் முதலில் அந்த டாக்சிக்காரரைப் பற்றிச் சொல்லாவிட்டால் மனசு ஆறாது.

வேலைக்காக இங்கே வந்து ஐந்து மாதம் ஆகிறது. ஜாலான் உத்தாமா என்ற சாலைப் பக்கம் ஒரு மாடி அறை. வாடகை குறைவு என்று சந்தோஷப்பட்டபோது, அது தைப்பூச ரதம் போகும் பாதை என்று யாரும் சொல்லவில்லை.

கோலாலம்பூர் போயிருந்தவன் 2025 பிப்ரவரி 10 மாலை பினாங்கின் சுங்கை நிபோங் பஸ் நிலையத்தில் இறங்கினேன். மறுநாள் தைப்பூசம். செயலியில் ஒரு வண்டியும் சிக்கவில்லை. வெளியே நின்ற டாக்சிக்காரர் நம்ம ஆள்தான். "ரோடெல்லாம் அடைச்சிட்டாங்க தம்பி. அறுபது வெள்ளி." ரிங்கிட்டை இங்கே வெள்ளி என்பார்கள். மற்ற நாளில் பதினைந்து வெள்ளியில் முடிகிற தூரம்! அப்போது வெள்ளிக்குச் சுமார் 20 ரூபாய் என்று மனசு பெருக்க ஆரம்பித்துவிட்டது. பேசிப் பேசி ஐம்பதுக்கு இறங்கினார். கடைசியில் போலீஸ் தடுப்பு வரைதான் வண்டி. "இங்கேருந்து பக்கம்தான்" என்றார். பக்கம் என்றது இரண்டு கிலோமீட்டர்.

பெட்டியை உருட்டிக்கொண்டு நடந்தால் வழி நெடுகத் தேங்காய். நம் ஊரில் சிதறு தேங்காய் என்றால் ஒன்று, மிஞ்சினால் நூற்றெட்டு. இங்கே ஒரு சீனக் குடும்பம் இடுப்பளவு குவியலுக்கு முன்னால் கையில் ஊதுபத்தியோடு காத்திருந்தது. வெள்ளி ரதம் நெருங்கியதும் பாட்டி முதல் பேரன் வரை எல்லோரும் எடுத்து வீச ஆரம்பித்தார்கள். பாட்டி இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் போட்டதில் ஒரு சில் என் முழங்காலில் வந்து அடித்தது. பெட்டிச் சக்கரத்தில் சுற்றிக்கொண்ட நார் இன்னும் முழுசாக வரவில்லை. ரதம் நகர்ந்ததும் மண் அள்ளும் வண்டி வந்து ஓடுகளை வழித்துக்கொண்டு போனது.

அந்த ரதம் 1894ல் காரைக்குடியில் செய்து கப்பலில் வந்ததாம். எங்கள் ஊரிலிருந்து காரைக்குடி அரை மணி நேரம். அங்கே செய்த தேரை நான் பார்க்கக் கடல் தாண்ட வேண்டியிருந்தது. 2017லிருந்து தங்க ரதம் ஒன்றும் உண்டு. அது முருகனின் வேலைச் சுமந்துகொண்டு குவீன் தெரு மாரியம்மன் கோயிலிலிருந்து தனியாகப் புறப்படும். எது முன்னே, எது பின்னே என்ற பேச்சுக்கு நான் வரவில்லை.

அப்புறம் சத்தம். என் சன்னலுக்கு எதிரே ஒரு தண்ணீர்ப் பந்தல், இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. மூன்றிலும் ஆள் உயர ஒலிபெருக்கி, மூன்றிலும் வேறு வேறு பாட்டு. ராத்திரி இரண்டு மணிக்கு மேசையில் இருந்த எவர்சில்வர் டம்ளர் தானாக நகர்ந்தது. கோபத்தோடு கீழே இறங்கினேன். கீழ் வீட்டு அக்கா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"இதை யாரும் கேக்க மாட்டாங்களாக்கா?"

"வருஷத்துல மூணு நாளுதான் தம்பி. பசியாறினியா, அதைச் சொல்லு."

ஆறவில்லை. எதிர்ப் பந்தலில் முளைப்பயறும் பொரித்த டோஃபுவும் போட்ட மீகூன் (அரிசி நூடுல்ஸ்), சுண்டல், பெரிய ஐஸ் கட்டி மிதக்கும் ரோஸ் சிரப். எல்லாம் இலவசம். மீகூனில் காரம் சுள்ளென்று ஏற, மேலே சிரப் இறங்கியபோது பாட்டுச் சத்தம் கொஞ்சம் குறைந்தது போலத்தான் இருந்தது. இரண்டாவது தட்டும் வாங்கினேன். டாக்சிக்குப் போன ஐம்பது வெள்ளியை மூன்று நாள் சாப்பாட்டில் கழித்தாயிற்று.

ஆனாலும் சொல்கிறேன், அந்த ஒலிபெருக்கிகள் அநியாயம். காவடிக்கு முன்னால் அடிக்கிற உறுமியை எத்தனை நேரமும் கேட்கலாம். மனுஷன் அடிப்பது, கை வலித்தால் ஓயும். பெட்டிக்குக் கை ஏது?

தைப்பூசத்தன்று விடியற்காலை நாலு மணிக்கு, எப்படியும் தூக்கம் இல்லை என்று தண்ணீர்மலை ஏறினேன். பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படி. கூட்டமே தள்ளிக்கொண்டு போய்விட்டது, ஏறினேன் என்பதே பொய். இறங்கும்போதுதான் முழங்கால் அந்தச் சீனப் பாட்டியை நினைத்துக்கொண்டது.

வருகிறவர்கள் இரண்டு நாள் முன்னாலேயே வந்து சேருங்கள், காதுக்குப் பஞ்சும் எடுத்து வாருங்கள். அறை வாடகை பற்றி எழுத நினைத்ததை மறந்துவிட்டேன், அதை இன்னொரு நாள் பார்க்கலாம். புதன் ராத்திரி வெள்ளி ரதம் திரும்பியது, மறுபடியும் தேங்காய். வியாழக்கிழமை லீவு கேட்டேன், கிடைக்கவில்லை. நான் வேலை பார்க்கும் பயான் லெப்பாஸ் ஆலையில், அத்தனை இயந்திரச் சத்தத்துக்கு நடுவே மேசையில் தலை வைத்துத் தூங்கியிருக்கிறேன். சூப்பர்வைசர் வந்துதான் எழுப்பினார்.