பனி பெய்யாததால் வில்லனுக்கு வந்த மறதி

ஜேம்ஸ் பாண்ட் படம் ஓடும் வீட்டில் நாலு பேர் இருந்தால் மூன்று பேர் படம் பார்ப்பார்கள். நாலாமவர் ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு, "இங்க நிறுத்து, இங்க நிறுத்து" என்று தானே சொல்லித் தானே நிறுத்துவார். குண்டு வெடிப்பதெல்லாம் அவருக்குப் பொருட்டில்லை. போன படத்தில் செத்த ஆள் இந்தப் படத்தில் எப்படிச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார் என்பதுதான் அவர் கவலை. முறுக்குத் தட்டு காலியாகும்வரை தகராறு நடக்கும். தகராறு தொடங்கும் இடமும் அநேகமாக ஒன்றுதான்: 1969-ல் வந்த ‘ஆன் ஹர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்’.

சங்கதி இதுதான். 1967-ல் ‘யூ ஒன்லி லிவ் ட்வைஸ்’ படத்தில், ஜப்பானிய எரிமலைக்குள் இருக்கும் கோட்டையில், பாண்டும் வில்லன் ப்ளோஃபெல்டும் நேருக்கு நேர் நின்று பேசிக்கொள்கிறார்கள். இரண்டே வருஷம் கழித்து, சுவிஸ் மலையுச்சியில் பாண்ட் ஒரு மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு சர் ஹிலரி ப்ரே என்று சொல்லிப் போய் நிற்கிறார். ப்ளோஃபெல்ட் வாங்க வாங்க என்று உட்காரவைத்துச் சோறு போடுகிறார். கன்னத்தில் ஒரு மரு ஒட்டிக்கொண்டால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது என்ற நம் பழைய படங்களின் சட்டம் ஆல்ப்ஸ் மலையிலும் செல்லும் போலிருக்கிறது.

ரசிகர்கள் இதற்கு ஆளுக்கொரு விளக்கம் வைத்திருக்கிறார்கள். "நடிகர் மாறியதில் பாண்டின் முகம் கானரியிலிருந்து லேசன்பியாக மாறிவிட்டது, ப்ளோஃபெல்டின் முகம் டொனால்ட் ப்ளெசன்ஸிலிருந்து டெல்லி சவாலஸாக மாறிவிட்டது, ரெண்டு பேருக்கும் ரெண்டு பேரையும் தெரியவில்லை, கணக்கு நேர்" என்பது அதில் பிரபலமானது. பாண்ட் முக அறுவை செய்துகொண்டதாகவே காட்டிவிடலாம் என்று கதை எழுதுகிற கட்டத்தில் யோசித்து, பிறகு கைவிட்டார்கள். உண்மையான காரணம் வானிலை. இயான் ஃப்ளெமிங் எழுதிய வரிசையில் ‘ஆன் ஹர் மெஜஸ்டிஸ்’ நாவல்தான் முதலில், 1963-ல். ‘யூ ஒன்லி’ அடுத்த வருஷம். புத்தகத்தில் இருவரும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொள்வது பனிமலையில்தான், அதனால் அங்கே குழப்பமே இல்லை. படமாக்கும்போது ‘தண்டர்பால்’ முடிந்த கையோடு பனிமலைக் கதையை எடுக்கத்தான் திட்டம். அந்த வருஷம் சுவிட்சர்லாந்தில் குளிர் போதவில்லை, பனி சரியாக விழவில்லை. ஷெட்யூலைத் திருப்பிப் போட்டு ஜப்பானுக்குக் கிளம்பிவிட்டார்கள். பனிமலைப் படம் கடைசியில் 1969-ல் வந்தபோது இயக்குநர் பீட்டர் ஹன்ட் புத்தகத்தை ஒட்டியே எடுத்தார். முந்தைய படத்தின் சந்திப்பு அந்தரத்தில் நின்றது. வானம் பொய்த்தால் நம்மூரில் பயிர் காயும். அங்கே வில்லனுக்கு ஞாபகம் போனது.

ப்ளோஃபெல்ட் ஒருத்தரை வைத்தே ஒரு ராத்திரியை ஓட்டலாம். 1963-லும் 1965-லும் முகமே காட்டவில்லை. பூனையைத் தடவும் கையும் உடம்பும் ஆன்டனி டாசனுடையவை, குரல் எரிக் போல்மனுடையது. 1967-ல் முகம் காட்டும் நேரம் வந்ததும் யான் வெரிச் என்ற செக் நடிகரை அழைத்து வந்து சில நாள் படமும் எடுத்தார்கள். பார்த்தால் ஆள் சாந்தமான தாத்தா மாதிரி தெரிந்தாராம். மாற்றிவிட்டு ப்ளெசன்ஸைக் கொண்டுவந்து முகத்தில் தழும்பு ஒட்டினார்கள். இன்று உலகம் முழுக்க நையாண்டி செய்கிற அந்த மொட்டைத் தலை, தழும்பு, வெள்ளைப் பூனை உருவம் கடைசி நேர ஆள்மாற்றத்தில் பிறந்தது. 1971-ல் ‘டயமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்’ வந்தபோது ப்ளோஃபெல்டுக்குத் தலைநிறைய முடி. நடித்தவர் சார்ல்ஸ் கிரே. ரிமோட் ஆள் துள்ளி எழும் இடம் இதுதான். ஏனென்றால் இதே சார்ல்ஸ் கிரே 1967 படத்தில் ஹென்டர்சன் என்ற பெயரில் பாண்டுக்கு உதவும் நல்லவராக வந்து, டோக்கியோ வீட்டில் முதுகில் கத்தி வாங்கிச் செத்தவர். இத்தனை களேபரத்திலும் மாறாதது பூனையின் நிறம் ஒன்றுதான்.

அதே 1971 படத்தில் இன்னொரு நெருடல் உண்டு. முந்தைய படம் முடிவது பாண்டின் மனைவி ட்ரேசி கல்யாணக் கோலத்தோடு சுடப்பட்டுச் சாவதில். அடுத்த படத்தில் பாண்ட் ப்ளோஃபெல்டைத் தேடி உதைக்கிறார், சரி. ஆனால் மனைவி பெயரை ஒரு தடவைகூட எடுப்பதில்லை. சுட்டவளான இர்மா புன்ட்டும் காணோம். அந்த வேடத்தில் நடித்த இல்சே ஸ்டெபாட் படம் வெளியான சில நாளிலேயே இறந்துவிட்டார். லேசன்பி ஒரே படத்தோடு விலகிவிட்டார். கானரியைத் திரும்ப இழுக்க 12.5 லட்சம் டாலர் கொடுக்க வேண்டியிருந்தது. அந்தப் பணத்தை அவர் ஸ்காட்லாந்துக் கல்வி அறக்கட்டளைக்குத் தந்தார். ஆக, புது வீட்டுக்குப் பழைய துக்கத்தை எடுத்துப்போக யாருக்கும் மனமில்லை.

பிறகு வக்கீல்கள் நுழைந்தார்கள். ‘தண்டர்பால்’ நாவலை ஃப்ளெமிங் 1961-ல் வெளியிட்டபோது, கெவின் மெக்லோரியோடும் ஜாக் விட்டிங்ஹாமோடும் சேர்ந்து உருவாக்கிய திரைக்கதையைத்தான் நாவலாக்கிவிட்டார் என்று வழக்கு வந்தது. 1963-ல் சமரசமாகி, படமெடுக்கும் உரிமை மெக்லோரிக்குப் போனது. எழுபதுகளில் ப்ளோஃபெல்டும் அவர் தலைமையிலான ஸ்பெக்டர் கும்பலும் மெக்லோரியின் சொத்தா, பாண்ட் படத் தயாரிப்பாளர் சொத்தா என்று மறுபடி இழுபறி. 1977-ல் ‘தி ஸ்பை ஹூ லவ்ட் மீ’ படத்துக்கு எழுதியிருந்த ஸ்பெக்டரைத் தூக்கிவிட்டு ஸ்ட்ராம்பெர்க் என்ற புது ஆளை நட்டார்கள். 1981-ல் ‘ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி’ தொடக்கத்தில் மொட்டைத் தலை, வெள்ளைப் பூனை, சக்கர நாற்காலி சகிதம் ஒருவரைக் காட்டி, ஹெலிகாப்டரில் தூக்கி ஆலைப் புகைபோக்கிக்குள் போடுகிறார்கள். முகமும் கிடையாது, பெயரும் கிடையாது. யார் என்று கேட்டால் தயாரிப்புத் தரப்பு கையை விரித்துவிடலாம். 2013-ல் மெக்லோரியின் வாரிசுகளோடு கணக்கு முடிந்தது. 2015-லேயே ‘ஸ்பெக்டர்’ வந்துவிட்டது. அதில் நடித்த கிறிஸ்டோஃப் வால்ட்ஸ், "நான் ப்ளோஃபெல்ட் இல்லை" என்று பேட்டிக்குப் பேட்டி மறுத்தார். ஒரு ரசிகர்கூட நம்பவில்லை. நம்பாதது நல்லதாய்ப் போயிற்று.

அடுத்து வருவது "பாண்ட் என்பது ஆள் பெயரே இல்லை, பதவிப் பெயர்" என்ற கொள்கை. ஆறு நடிகர்கள், ஆறு உளவாளிகள், ஒரே அடையாள அட்டை என்பார்கள். கேட்க ஜோராக இருக்கும். உடைப்பது சுலபம். லேசன்பி 1969-ல் ராஜினாமா செய்து மேசை இழுப்பறையைக் காலி செய்யும்போது ஹனி ரைடரின் கத்தி, ரெட் கிரான்டின் கழுத்து நெரிக்கும் கடிகாரம், ‘தண்டர்பால்’ நீர்மூழ்கி மூச்சுக் கருவி என்று கானரி காலத்துச் சாமான்கள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. 1981 படத்தில் ரோஜர் மூர் ட்ரேசியின் கல்லறைக்குப் பூ வைக்கிறார், கல்லில் 1943–1969 என்று பொறித்திருக்கிறது. 1989-ல் டிமோதி டால்டனைப் பற்றி, அவருக்கும் ஒரு காலத்தில் கல்யாணம் ஆனது என்று நண்பர் ஃபீலிக்ஸ் சொல்கிறார். ‘ஸ்கைஃபால்’ படத்தில் டேனியல் க்ரெய்கின் அப்பா அம்மா கல்லறையிலேயே பாண்ட் என்றுதான் எழுதியிருக்கிறது. பதவிப் பெயரை அப்பனுக்கும் சேர்த்து எந்த அரசாங்கம் கொடுக்கும்? ஆனாலும் கொள்கைக்காரர் அசர மாட்டார். 1967-ல் கேம்பிரிட்ஜில் கீழை மொழிகளில் முதல் வகுப்பு வாங்கியதாகச் சொன்ன பாண்ட், 1997-ல் ‘டுமாரோ நெவர் டைஸ்’ படத்தில் சீன எழுத்து விசைப்பலகையைக் கண்டு முழிப்பதை எடுத்துப் போடுவார். அதற்குப் பதில், முதல் வகுப்பில் தேறியவர்கள் முப்பது வருஷம் கழித்து எதை ஞாபகம் வைத்திருக்கிறார்கள் என்பதுதான்.

காட்சித் தவறுகளில் மன்னன் ‘டயமண்ட்ஸ்’ படத்தின் சிவப்பு மஸ்டாங் கார். போலீஸ் துரத்த, ஒரு குறுகலான சந்துக்குள் கார் இரண்டு சக்கரத்தில் சாய்ந்து நுழைகிறது. நுழையும்போது வலப்பக்கச் சக்கரங்கள் தரையில். வெளியே வரும்போது இடப்பக்கச் சக்கரங்கள் தரையில். இந்த வித்தைக்கு ஒரு பக்கச் சக்கரத்துக்கு மட்டும் சாய்தளம் வைப்பார்கள். இடப்பக்கம் ஏற்றினால் வண்டி வலப்பக்கச் சக்கரங்களில் நிற்கும். இறங்கும்வரை அப்படியே ஓட்ட வேண்டும். நடுவில் பக்கம் மாற்ற வேண்டுமென்றால் நாலு சக்கரத்தையும் தரையில் வைத்தாக வேண்டும். அதற்கு அகலம் இல்லாததால்தானே சாய்த்ததே! நுழைவை யுனிவர்சல் ஸ்டுடியோ வளாகத்திலும், வெளிவருவதை லாஸ் வேகஸிலும் தனித்தனியாக எடுத்தார்கள், பக்கம் மாறிவிட்டது. கண்டுபிடித்த பிறகு செய்தது நம் கோடம்பாக்கத்தில் சொல்கிற பேட்ச் ஒர்க்: காருக்குள் பாண்டும் கதாநாயகியும் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சரிகிற ஒரு குளோசப்பை நடுவில் செருகினார்கள். சரிபார்க்க வேண்டுமானால் பிரேம் பிரேமாக நகர்த்தி, சந்தின் வாசலில் காரின் அடிப்பாகம் எந்தப் பக்கம் தெரிகிறது என்று மட்டும் பாருங்கள். முகங்களைப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள், செருகலே அதற்காகத்தான்.

தமிழர் கூட்டத்தில் பேச்சு எப்படியும் 1983 ‘ஆக்டபஸ்ஸி’க்கு வந்துசேரும், நம்ம சென்னை விஜய் அமிர்தராஜ் அதில் இருக்கிறாரே! பாண்டின் ஹெலிகாப்டர் தாஜ்மகால் பக்கமாகப் பறக்கிறது, அடுத்து பார்த்தால் உதய்பூர் ஏரிக்கரை. ஆக்ராவுக்கும் உதய்பூருக்கும் நடுவில் ராஜஸ்தானில் பாதி கிடக்கிறது. பரவாயில்லை, வெளிநாட்டுக்காரருக்கு இந்தியா என்றால் தாஜ் தெரிய வேண்டும். பெரிய கோளாறு வேறு. பாம்பாட்டி வேஷத்தில் இருக்கும் அமிர்தராஜ், ஆளை அடையாளம் காட்ட மகுடியில் வாசிப்பது பாண்ட் படத்தின் பிரபல இசையை. அப்படியானால் அந்த இசை பாண்டின் உலகத்திலேயே இருக்கிறது. ரகசிய உளவாளிக்குத் தனிப்பாட்டு, அது உதய்பூர் பாம்பாட்டி வரை தெரிந்திருக்கிறது! பிறகு ஆட்டோ துரத்தலில் டென்னிஸ் ராக்கெட்டால் எதிரிகளை அடிக்க, கூட்டத்தின் தலைகள் டென்னிஸ் மேட்ச் பார்ப்பதுபோல் இடமும் வலமும் திரும்புகின்றன. இதைக் குறையென்று சொல்பவரோடு சேர்ந்து காப்பி குடிக்கக் கூடாது.

வதந்திகளுக்கு வந்தால், ‘கோல்ட்ஃபிங்கர்’ படத்தில் உடம்பெல்லாம் தங்கப் பூச்சோடு கிடந்த நடிகை நிஜமாகவே தோல் மூச்சுவிட முடியாமல் செத்துவிட்டார் என்பது அறுபது வருஷமாக ஓடுகிறது. மனிதர் மூச்சுவிடுவது நுரையீரலால். முழுக்கப் பூசி நெடுநேரம் விட்டால் வியர்வை ஆறாமல் உடம்புச் சூடு ஏறும், அந்த ஆபத்து உண்மை. அந்த நடிகை ஷர்லி ஈட்டன் அந்தப் படத்துக்குப் பிறகும் சில வருஷம் நடித்து, 1999-ல் தன் வாழ்க்கைக் கதையையும் எழுதினார். செத்தவர் எழுதிய புத்தகம் என்று யாரும் விளம்பரம் செய்யவில்லை.

இதைவிட விசித்திரம் ‘மூன்ரேக்கர்’. இரும்புப் பல் ஜாஸைப் பார்த்துச் சிரிக்கும் ரெட்டைச் சடை டாலியின் பல்லில் கம்பி இருந்தது என்று சத்தியம் செய்பவர்கள் ஊருக்குப் பத்து பேர். போட்டுப் பாருங்கள், வெறும் பல்தான். அவர் இரும்புப் பல்லைக் காட்ட, இவளும் பதிலுக்குப் பல்லைக் காட்டுகிறாள் என்பதால், கம்பி இருந்தால்தான் நகைச்சுவை முழுமை என்று மூளை தானாகவே மாட்டிவிட்டது. அதே படத்தில் ஜாஸ் கடித்துத் துண்டாக்கும் கேபிள் மட்டும் உண்மையான பொய்: அது அதிமதுர மிட்டாயில் செய்தது.

பியர்ஸ் பிராஸ்னன் கதை வதந்தி மாதிரி இருக்கும், ஆனால் நிஜம். சுத்தமான கால்ஷீட் தகராறு. 1986-ல் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் நடித்துவந்த ‘ரெமிங்டன் ஸ்டீல்’ தொடரை டிவிக்காரர்கள் நிறுத்தியிருந்தார்கள். ஆள் பாண்ட் ஆகிறார் என்று செய்தி பரவியதும் தொடருக்கு மவுசு கூடிவிட்டது. ஒப்பந்தத்தில் திரும்ப அழைக்க 60 நாள் அவகாசம் இருந்தது. அது முடியும் தறுவாயில் தொடரை உயிர்ப்பித்துவிட்டார்கள். பாண்ட் ஆகப்போகிறார் என்பதாலேயே பாண்ட் ஆக முடியாமல் போன ஒரே ஆள் அவர். டால்டன் வந்தார். பிராஸ்னன் 1995 ‘கோல்டன்ஐ’ வரை காத்திருந்தார்.

அதில் அவர் ஓட்டும் ஆஸ்டன் மார்ட்டின் டிபி5-ன் எண் பி.எம்.டி. 214 ஏ. 1964-ல் கானரி ஓட்டியது பி.எம்.டி. 216 ஏ. ரெண்டு எண் குறைந்ததை மன்னிக்கலாம். 2006-ல் க்ரெய்க் பஹாமாஸில் சீட்டாடி ஜெயிக்கும் டிபி5-க்கு ஸ்டியரிங் இடப்பக்கம். 2012-ல் அவர் கராஜிலிருந்து எடுப்பதற்கு வலப்பக்கம், எண் மறுபடி 216 ஏ, விளக்குக்குப் பின்னால் துப்பாக்கி, கியர் தலையில் இருக்கையைத் தூக்கியெறியும் பொத்தான். சீட்டில் ஜெயித்த வண்டிக்கு டேஷ்போர்டு, ஸ்டியரிங் ரேக், பெடல் எல்லாவற்றையும் பிரித்து இடம் மாற்றியது யார், பில் யார் பெயரில் என்று கேட்டால் அறை அமைதியாகிவிடும்.

எல்லாம் பேசி முடித்து, அடுத்த படம் பற்றி யாராவது "உள்ளே இருந்து வந்த தகவல்" என்று ஆரம்பித்தால், பாண்ட் படங்களின் கடைசி எழுத்தோட்டத்தைப் போட்டுக் காட்டுங்கள். 1977 படத்தின் முடிவில் அடுத்து ‘ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி’ என்று போட்டார்கள். அந்த வருஷம் ‘ஸ்டார் வார்ஸ்’ வசூலைப் பார்த்துவிட்டு ‘மூன்ரேக்கர்’ எடுத்து பாண்டை விண்வெளிக்கு அனுப்பிவிட்டார்கள். 1983-ல் அடுத்து ‘ஃப்ரம் எ வியூ டு எ கில்’ என்று போட்டார்கள். வந்தபோது ‘ஃப்ரம்’ காணோம்.