ஊதாங்குழலும் ஒரு பழைய ஸ்பீக்கரும்

மன்னார்குடி சுத்துவட்டார ரைஸ் மில்லுங்களுக்கு எலக்ட்ரானிக்ஸ் சர்வீஸ் பண்ண ஆரம்பிச்சு பதினொரு வருஷம் ஆச்சு, இத்தனை வருஷத்துல நான் அதிகமா மாத்துனது ஐசியோ கெப்பாசிட்டரோ இல்ல, மெஷினுக்குள்ள போர்டை சூடாகாம வச்சுக்குற 40 எம்எம் ஃபேன் தான். தை மாசியில சம்பா அறுவடை வந்துட்டா மில்லு ராப்பகலா ஓடும், காத்து முழுக்க தவுடு, அது வெறும் தூசின்னா பரவால்ல, எண்ணெய்ப் பசை உள்ளதாச்சே, இறக்கையில ஒட்டி பேரிங்ல இறங்கி இறுகிடும், ஃபேன் நின்ன கொஞ்ச நேரத்துல மூட்டை எடை போடுற மெஷினோட போர்டு ஹேங் ஆவும், வாசல்ல லாரி நிக்கும், எனக்கு போன் வரும்.

சுத்துற சாமானே இல்லாம காத்தடிக்க வழி இருக்கான்னு தேடுனப்ப தான் சிந்தெட்டிக் ஜெட் பத்தி படிச்சேன். ஒரு சின்ன டப்பா, ஒரு பக்கம் அதிர்ற தகடு, எதிர்ப்பக்கம் ஒரு ஓட்டை. தகடு உள்ள அமுங்குனா காத்து வெளிய வரும், திரும்புனா அதே அளவு காத்து உள்ள போவும். வந்ததும் போனதும் சமம்னா அப்புறம் காத்து எப்படி முன்னாடி நகரும்னு ரெண்டு நாள் குழம்புனேன். அம்மா விறகடுப்புல ஊதாங்குழல் வச்சு ஊதுறது ஞாபகம் வந்தப்ப தான் பிடி கிடைச்சுது. விளக்கை ஒரு முழம் தள்ளி வச்சு ஊதுங்க, அணைஞ்சிடும், அதே தூரத்துல இருந்து மூச்சை இழுத்துப் பாருங்க, சுடர் அசையாது. ஊதுற காத்து நேரா ஒரே கோட்டுல பாயும், இழுக்குற காத்து எல்லா பக்கத்துல இருந்தும் வாய்க்கு வரும். ஓட்டையிலயும் அதே கதை தான், ஒவ்வொரு தள்ளுக்கும் ஒரு காத்து வளையம் கழண்டு போகுது, தகடு திரும்பி இழுக்குறதுக்குள்ள அது தப்பிச்சு தூரம் போயிட்டா போதும். அமெரிக்காவுல ஜார்ஜியா டெக்ங்கிற பல்கலைக்கழகத்துல ஆரி கிளெசரும் பார்ட்டன் ஸ்மித்தும் 1998ல எழுதுன பேப்பர்ல இந்த வளையம் உருவாகுறதை விவரமா சொல்லிருக்காங்க.

சூடான பரப்பு மேல காத்து ஒரு போர்வை மாதிரி ஒட்டிக்கிட்டு கிடக்கும், இந்த வளையம் ஒண்ணு பின்னால ஒண்ணா வந்து மோதி அந்தப் போர்வையைக் கிழிக்குது. அதனால கொஞ்சக் காத்துலயே நல்லா சூடு இறங்கும்.

பழைய ரேடியோ ஸ்பீக்கர் ஒண்ணு எடுத்து முகத்துல அக்ரிலிக் தகடு ஒட்டி நடுவுல ஓட்டை போட்டு, போன் ஆப்ல டோன் வச்சு சின்ன ஆம்ப்ளிஃபயர் வழியா ஓட்டுனேன். ஊதுபத்தி புகையில வளையம் வளையமா போனதைப் பார்த்த ராத்திரி எனக்கு தூக்கமே வரல. மேசை மேல வச்சு, போர்டுக்கு வோல்டேஜை சீரா குடுக்குற ரெகுலேட்டர் சிப்போட ஹீட்சிங்க்ல, அதாவது சூட்டை வாங்கி காத்துக்கு விடுற உலோகத் துண்டுல அடிச்சப்ப 24 டிகிரி இறங்குச்சு.

ஆனா தவுடு புகாத மூடின பெட்டிக்குள்ள வச்சப்ப 9 டிகிரி தான். இங்க தான் நான் உண்மையிலேயே பாடம் படிச்சேன். இந்த ஜெட் வெளிக்காத்தைக் கொண்டு வராது, பக்கத்துல இருக்குற காத்தையே எடுத்து அடிக்கும், பெட்டிக்குள்ள அந்தக் காத்தே சூடா கிடக்கு. உள்ள 6 வாட்ஸ் சூடு பிறந்தா அந்த 6 வாட்ஸும் சுவர் வழியா தான் வெளிய போயாகணும். சிப்போட சூடு காத்துக்கு வந்துடுச்சு, காத்துல இருந்து வெளிய போக வழி? இதை யோசிக்காம ஒரு மாசம் ஓட்டையோட சைஸை மாத்தி மாத்தி பார்த்துக்கிட்டு இருந்தேன்.

அப்புறம் ரெகுலேட்டரை பெட்டியோட அலுமினியச் சுவருலயே இறுக்கிட்டேன், சுவருக்கு வெளிப்பக்கம் சூட்டை வெளிய விடுற ஃபின்னுங்கிற உலோகத் தகடுங்க, ஃபினுக்கு நேரா ஜெட். போர்டு மூடியே இருக்கும், தவுடு படுறது ஃபின்லயும் ஸ்பீக்கர்லயும் மட்டும். ஒரு மில் முதலாளி, "ஃபேனுக்கு தண்டம் கட்டி கட்டி சலிச்சுட்டேன் தம்பி, செஞ்சு பாரு"ன்னு இடம் குடுத்தார், அதை நான் மறக்க மாட்டேன். சம்பா சீசன் முடிஞ்சு திறந்து பார்த்தா ஸ்பீக்கர்ல அதிர்ற காகிதக் கோன் மேல தவுடு படிஞ்சிருந்துச்சு, ஓட்டை அடைக்கல, போர்டு புதுசு மாதிரி இருந்துச்சு.

எல்லாத்துக்கும் இது ஆவாது. மோட்டார் ஓட்டுற டிரைவ்ல நூத்துக்கணக்கான வாட்ஸ் சூடு வரும், அதுக்கு பெரிய ஃபேன் தான். சத்தமும் இருக்கு, மில்லு இரைச்சல்ல யாருக்கும் கேக்கல, வீட்டுல வச்சா ஒரு மணி நேரம் தாங்காது. 2022ல ஃப்ரோர்ங்கிற கம்பெனி 2.8 எம்எம் தடிமன்ல ஏர்ஜெட் மினின்னு சூட்டை இறக்குற ஒரு சின்ன சாதனத்தை அறிவிச்சாங்க, அதுல சவ்வு காதுக்குக் கேக்காத வேகத்துல அதிரும், சத்தப் பிரச்சனைக்கு அது சரியான வழின்னு நினைக்கிறேன்.

குறுவை அறுவடை தான் என்னை இப்ப யோசிக்க வைக்குது. மழையும் ஈர நெல்லுமா மில்லே நமத்துக் கிடக்கும், போன தடவை காகிதக் கோன் தளர்ந்து காத்து பாதியா குறைஞ்சிடுச்சு. பிளாஸ்டிக் கோன் போட்ட ஸ்பீக்கர் ரெண்டு வாங்கி வச்சிருக்கேன், நாளைக்கு ஓட்டை போடணும்.