மழையில் வந்து நிலத்தைப் பார்த்தவர்

மேட்டு நிலத்தில் முதல் வரப்பைக் கண் மட்டத்தை நம்பித்தான் போட்டேன். பார்க்க நேராகவே இருந்தது. அடுத்து வந்த பெருமழையில் நடுவில் உடைத்துக்கொண்டு போய்விட்டது. அதுவரை நிலம் முழுக்கப் பரவி ஓடிய தண்ணீர் இப்போது ஒரே இடத்தில் சேர்ந்து பாய்ந்து, முழங்கால் ஆழத்துக்கு ஓடை பறித்திருந்தது. வயிறு எரிந்தது.

அப்புறம்தான் மண், நீர் பாதுகாப்புப் பணியாளரிடம் போனேன். “மழை பெய்யும்போது கூப்பிடுங்கள், வருகிறேன்” என்றார். சொன்னபடியே வந்தார். ஓடைத் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் முகந்து ஓரமாக வைத்துவிட்டு நிலத்தைச் சுற்றி நடந்தார். திரும்பி வந்து பார்த்தால், டம்ளரின் அடியில் இரண்டு நூல் கனத்துக்கு மணல் படிந்திருக்கிறது. மேலே தண்ணீர் அப்படியே கலங்கல். “அந்தக் கலங்கலில்தான் உங்கள் உரமும் சத்தும் போகிறது” என்றார். ஒரு ஹெக்டேரில் 1 மில்லிமீட்டர் மண் கரைந்தால் 10 கன மீட்டர் போய்விடும். கண்ணுக்கோ ஒன்றும் தெரியாது.

மழை விட்டதும் மட்டம் பார்த்தோம். கருவி என்று பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு கம்புகளைத் தலையில் சேர்த்துக் கட்டி, இடையில் குறுக்குக் கம்பு வைத்து, உச்சியிலிருந்து கயிற்றில் ஒரு கல்லைத் தொங்கவிட்டார். கயிறு குறுக்குக் கம்பில் படும் இடத்தைக் குறித்தார். கால்களை இடம் மாற்றி வைத்து மறுபடி குறித்தார். இரண்டு குறிகளுக்கும் நடுவில் கயிறு நின்றால் இரண்டு காலும் ஒரே மட்டம், அவ்வளவுதான். அதை எட்டு வைத்து நகர்த்தி முளை அடித்துக்கொண்டே போனோம். நான் ‘நேராக’ப் போட்ட வரப்பு நடுவில் ஒரு சாண் பள்ளம்! 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஓர் ஏக்கரில் ஏறக்குறைய 1 லட்சம் லிட்டர் விழும். அதில் மண்ணுக்குள் இறங்காதது எல்லாம் அந்தப் பள்ளத்தைத் தேடித்தான் வந்திருக்கிறது.

எனக்கு இன்னும் பெரிதாகப் பட்டது வேறு. பாதித் தண்ணீர் மேல் நிலத்திலிருந்து வந்தது. அந்த நிலக்காரரையும் கூப்பிட்டு, இருவரையும் சேர்த்தே நடக்க வைத்தார். அவர் தன் எல்லையில் வெட்டிவேர் வரிசை வைக்கிறார், நான் வரப்பைச் சமமட்டக் கோட்டில் போட்டு, மிச்ச நீர் வெளியேறக் கல் பாவிய போக்கு விடுகிறேன் என்று முடிவானது. நான் தனியாகப் போய்க் கேட்டிருந்தால் இது நடந்திருக்காது.

தண்ணீருக்கு வேலி தெரியாது. அமெரிக்காவில் 1930களின் புழுதிப் புயல்களுக்குப் பிறகு, 1935இல் ஹியூ பென்னட் தலைமையில் மண் பாதுகாப்புத் துறை வந்தது. அதோடு விடாமல், நிலக்காரர்களே கூடி முடிவெடுக்கும் உள்ளூர் மண் பாதுகாப்பு மாவட்டங்களையும் அமைத்தார்கள். 1937இல் வட கரோலினாவின் பிரவுன் கிரீக்கில் முதலாவது. அதன் அருமை எனக்கு இப்போதுதான் புரிகிறது.

போன மழையில் அந்தக் கல் போக்கிலிருந்து அதே டம்ளரில் முகந்தேன். முழுத் தெளிவில்லை. ஆனால் பின்னால் பிடித்த விரல் தெரிந்தது. பழைய ஓடைக்கு இன்னும் கல் தடுப்புகள் வைக்க வேண்டும். மேல் தடுப்பின் அடியும் கீழ்த் தடுப்பின் தலையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டுமாம். முளை அடித்தாயிற்று. கல் சேர்த்துக்கொண்டிருக்கிறோம், மேல் நிலக்காரரும் நானும்.