ஈயத்துக்குப் பின்னால்

கதிரியக்க மூலங்களைக் கையாளும் வேலையில் சேர்ந்த முதல் ஆண்டில், எந்த மூலமானாலும் சுற்றி ஈயக் கட்டிகளை அடுக்கிவிட்டால் போதும் என்று உறுதியாக நம்பினேன்.

மண்ணின் ஈரத்தை அளக்கும் கருவி ஒன்றிலிருந்த அமெரிசியம்–பெரிலியம் மூலத்தைச் சில நாட்கள் வைக்க இடம் ஒதுக்க வேண்டியிருந்தது. 5 சென்டிமீட்டர் கனத்துக்கு ஈயக் கட்டிகளை அடுக்கிவிட்டு, காமா அளவியை நீட்டினேன். முள் நன்றாக இறங்கியது. நிம்மதியாக நிமிர்ந்தபோது மூத்த அலுவலர் வந்தார். ஒன்றும் சொல்லாமல் நியூட்ரான் அளவியை எடுத்துவந்து அதே இடத்தில் வைத்தார். ஈயம் வைப்பதற்கு முன் இருந்த எண்ணுக்கும் இப்போது காட்டிய எண்ணுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை.

"தம்பி, இந்த மூலத்திலிருந்து என்னவெல்லாம் வருகிறது என்று முதலில் பார்த்தீர்களா?" என்று மட்டும் கேட்டார். எனக்கு உடல் சில்லிட்டது. அளவியின் முள் இறங்கியதை நம்பி, அந்த இடத்தில் எத்தனை பேரை நடமாட விட்டிருப்பேன்!

அன்று மாலை அவர் விளக்கியது இன்னும் மறக்கவில்லை. நியூட்ரானுக்கு மின்சுமை இல்லை; எலக்ட்ரான் கூட்டத்தை அது பொருட்படுத்துவதில்லை, அணுக்கருவில் மோதினால்தான் வேகம் குறையும். கோலிக்குண்டு பாறையில் பட்டால் ஏறக்குறைய வந்த வேகத்திலேயே திரும்பும். தன்னைப் போன்ற இன்னொரு குண்டில் நேராகப் பட்டால் அப்படியே நின்றுவிடும். ஈயக் கருவில் மோதித் திரும்பும் நியூட்ரான் ஒரு மோதலில் அதிகம் போனால் 2 சதவீத ஆற்றலைத்தான் இழக்கிறது. ஹைட்ரஜனில் மோதினால் சராசரியாகப் பாதியை இழக்கிறது. அதனால்தான் மெழுகும் தண்ணீரும் பாலிஎதிலீனும் இங்கே ஈயத்தை வென்றுவிடுகின்றன. 1932இல் சாட்விக் நியூட்ரானை அடையாளம் கண்டதிலும் மெழுகுக்குப் பங்கு உண்டு: மெழுகிலிருந்து உதைத்துத் தள்ளப்பட்ட புரோட்டான்களே அவருக்குச் சாட்சி சொன்னவை. வேகம் குறைந்த நியூட்ரானைப் போரான் விழுங்கிக்கொள்ளும். விழுங்கும்போது காமா பிறக்கும் என்பதால் ஈயத்துக்கும் வேலை உண்டு, ஆனால் மெழுகுக்கு வெளியே.

பீட்டாவிலும் இதே வரிசைதான், காரணம் வேறு. பீட்டாவை உமிழும் பாஸ்பரஸ்–32 இருக்கும் குப்பியை நேராக ஈயத்துக்குள் வைத்தால், பீட்டாவாக வேகமாக வரும் எலக்ட்ரான் கனமான அணுக்கருக்களின் அருகே சட்டென்று தடைபட்டு எக்ஸ் கதிர்களை உமிழ்கிறது. 1 சென்டிமீட்டர் அக்ரிலிக் தகடு அந்த எலக்ட்ரான்களை முழுவதுமாக நிறுத்திவிடும், எக்ஸ் கதிர்களும் மிகக் குறைவாகவே உண்டாகும். தடுப்பதாக நினைத்துப் புதிதாக ஒன்றை உண்டாக்கிவிடும் இந்தத் தவற்றைப் புதியவர்கள் பலர் செய்யக் கண்டிருக்கிறேன்.

ஆல்பாவுக்கு ஒரு தாள் போதும். உடலுக்குள் போகாதவரை கவலை இல்லை. ஆனால் ஈரமான மேசையில் ஆல்பா கசிவைத் தேடாதீர்கள். மெல்லிய தண்ணீர்ப் படலமே அதை மறைத்துவிடும்.

காமா இவற்றைப் போல ஓரிடத்தில் நின்றுவிடுவதில்லை. இரிடியம்–192இன் காமாவை ஏறக்குறைய 13 மில்லிமீட்டர் எஃகு பாதியாக்கும். அடுத்த 13 மில்லிமீட்டர் அந்தப் பாதியில் பாதியாக்கும். எத்தனை தகடு வைத்தாலும் சுழியம் வராது. கணக்குப்படி வர வேண்டியதைவிட அளவி சற்றுக் கூடுதலாகவே காட்டும். தகட்டுக்குள் சிதறிய கதிர்களும் வந்து சேர்ந்துகொள்கின்றன.

பிறகு வெல்டிங் சோதனைக்கு மாறியபோதுதான், இத்தனை காலம் தடுக்கப் பார்த்ததை வேண்டுமென்றே ஊடுருவ விட்டு வேலை செய்யக் கற்றேன். குழாயின் ஒரு பக்கம் மூலம், மறுபக்கம் பிலிம். உலோகம் குறைந்த இடத்தில் கதிர் கூடுதலாகக் கடந்து பிலிமைக் கறுப்பாக்கும். ஒரு முறை, தடித்த குழாய் ஒன்றின் இணைப்பில் எடுத்த படம் சுத்தமாக இருந்தது. ஆனால் அந்த வெல்டிங்கைச் செய்தவரே, ஓரத்தில் உலோகம் சரியாகச் சேரவில்லை போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். கையால் செய்தவரின் சந்தேகத்தை நான் எளிதில் தள்ளுவதில்லை. சேராத இடம் மெல்லிய இடைவெளியாகச் சாய்ந்து கிடந்தால், அதைக் குறுக்கே கடக்கும் கதிருக்கு உலோகம் குறைந்ததே தெரியாது; இடைவெளியின் நீளவாக்கில் கதிர் போனால்தான் பிலிமில் பதியும்.

மூலத்தை நகர்த்தி, இணைப்பின் விளிம்புச் சாய்வுக்கு இசைந்த கோணத்தில் மறுபடி எடுத்தோம். கழுவிய பிலிமை விளக்கின் முன் பிடித்தேன். வெல்டிங்கின் ஓரத்தை ஒட்டி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல நேராக, தலைமுடி அளவில் ஒரு கறுப்புக் கோடு. அவரை அழைத்துக் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதுதான் சார்" என்றார். மறுநாள் அந்த இணைப்பை வெட்டியெடுத்து, அவரே மீண்டும் பற்றவைத்தார்.