புட்டு மாவுப் பதம் வந்த பிறகுதான் ஸ்ட்ரூசல் நின்றது

நேற்று மத்தியானம் அவனிலிருந்து (oven) எடுத்த பிளம்ஸ் காபி கேக்கைச் சாயங்காலக் காபிக்கு வெட்டினேன். மேலே மொறுமொறுவென்று கட்டி கட்டியாக ஸ்ட்ரூசல், அதாவது மாவும் சர்க்கரையும் வெண்ணெயும் பிசிறித் தூவுகிற உதிரி. அதற்குக் கீழே கருஞ்சிவப்பாகக் குழைந்த பிளம்ஸ். அதற்கும் கீழே, விரலால் அழுத்தினால் மெதுவாகத் திரும்பி எழும்பும் ஈரமான கேக். மூன்றும் அதனதன் இடத்தில் இருந்தன. இது ஏழாவது முறை. மே மாதத்தில் ஆரம்பித்தேன், ஆனி பாதி தாண்டித்தான் கைகூடியிருக்கிறது. சந்தோஷம் தாங்கவில்லை, அதனால் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். காபி கேக் என்றதும் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் "காபித்தூள் எவ்வளவு போட்டே?" என்று கேட்கிறார்கள். காபித்தூள் கிடையாது. காபியோடு சாப்பிடுகிற கேக் என்பதால் அமெரிக்காவில் அப்படிப் பெயர். மேலே தூவுகிற ஸ்ட்ரூசல் ஜெர்மன்காரர்களுடையது, அந்தச் சொல்லே 'தூவுவது' என்ற பொருளில் வந்ததுதான். நம் டிகிரி காபிக்கு இதைவிடப் பொருத்தமான கேக்கை நான் இதுவரை சாப்பிட்டதில்லை. பிளம்ஸின் புளிப்பும் சிக்கரிக் கசப்பும் அப்படிச் சேர்கின்றன.

ஆறு முறை தோற்ற கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஒவ்வொன்றிலும் ஒரு காரணம் இருந்தது.

முதல் கேக்கில் ஸ்ட்ரூசல் மொத்தமும் உள்ளே இறங்கிவிட்டது. வெட்டிப் பார்த்தால் நடுவில் எண்ணெய்ப் பசையாக ஒரு பழுப்புக் கோடு, மேலே ஒன்றுமே இல்லை. இரண்டாவதில் ஸ்ட்ரூசலை இரட்டிப்பாகப் போட்டேன். அது பிஸ்கட் தகடு மாதிரி ஒரே பாளமாகி, அதற்கு அடியில் மாவு வேகாமல் நின்றது. மூன்றாவதில், கேக் பாதி வெந்ததும் தூவலாம் என்று இருபதாவது நிமிஷம் கதவைத் திறந்தேன். நடுப்பகுதி கிணறு மாதிரி உட்கார்ந்துவிட்டது. நான்காவதில் பழத்துண்டுகளை மைதாவில் புரட்டிப் போட்டேன். எல்லாரும் சொல்கிற வழிதான், ஆனால் பிளம்ஸ் மாதிரி நீர் விடுகிற பழத்துக்கு அது உதவவில்லை. பழத்தைச் சுற்றிக் கஞ்சி மாதிரி ஒரு பசைதான் மிஞ்சியது. ஐந்தாவதில் பழத்தைச் சர்க்கரையில் அரைமணி நேரம் ஊறவைத்து, நீரை வடித்துவிட்டுப் போட்டேன். பழம் தோல் மாதிரி ஆகி, கேக் வறண்டுவிட்டது. (வடித்த நீரைக் காய்ச்சி வைத்தேன். சோடாவில் கலந்து குடித்தால் அமிர்தம். அதற்காகவே இன்னொரு முறை செய்யலாம்.)

ஆறாவதுக்கு முன்னால் உட்கார்ந்து யோசித்தேன். கேக் மாவு அவனுக்குள் போன முதல் பத்துப் பதினைந்து நிமிஷம் இறுகுவதில்லை, இன்னும் தளர்கிறது. உள்ளே இருக்கிற வெண்ணெய் உருகிவிடுகிறது. முட்டையும் மாவும் பிடித்து நிற்க 60 டிகிரிக்கு மேல் போக வேண்டும். ஆனால் ஸ்ட்ரூசலில் இருக்கிற வெண்ணெய் 35 டிகிரிக்கே உருக ஆரம்பித்துவிடும். கோயம்புத்தூர் மே மாத சமையலறையே 32 டிகிரி. அடியில் இருக்கிற மாவு கெட்டிப்படுவதற்குள் மேலே இருக்கிறது உருகினால் இறங்காமல் என்ன செய்யும்? ஆகவே மூன்று வேலை: கேக் மாவைக் கெட்டியாக்குவது, பழத்தின் நீரைப் பிடித்து வைப்பது, ஸ்ட்ரூசலை உருகாமல் நிறுத்துவது.

கேக் மாவுக்கு விடை கட்டித் தயிர். 300 கிராம் தயிரை வேட்டித் துணியில் கட்டி, குழாயில் நாலு மணி நேரம் தொங்கவிட்டேன். இதற்கு முன்னால் அப்படியே தயிரை ஊற்றிக்கொண்டிருந்தேன், அதுதான் தப்பு. இப்போது கரண்டியில் எடுத்தால் மாவு விழாது, தட்டினால்தான் விழும். வெண்ணெயையும் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துப் பத்தே நிமிஷத்தில் சர்க்கரையோடு அடிக்கிறேன். 'அறை வெப்பம்' என்று குறிப்புகளில் போட்டிருப்பது 20 டிகிரி ஊர்க்காரர்களுக்கு. நம் ஊரில் அரைமணி வெளியே வைத்தால் வெண்ணெய் களிம்பாகிவிடும், காற்றே பிடிக்காது.

பழத்துக்கு விடை ரஸ்க். ஜெர்மனியில் பிளம்ஸ் கேக்குக்குப் பழத்தின் அடியில் ரொட்டித்தூளோ ரவையோ தூவுவார்கள், சாற்றை அது உறிஞ்சிக்கொள்ளும். என்னிடம் டீக்கடை ரஸ்க் இருந்தது. மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றி, மாவின் மேல் இரண்டு மேசைக்கரண்டி தூவி, அதன்மேல் பிளம்ஸை அடுக்கினேன். துண்டாக நறுக்கவில்லை. இரண்டாகப் பிளந்து கொட்டை எடுத்து, வெட்டிய பக்கம் மேலே பார்க்கிற மாதிரி வைத்தேன். ஒவ்வொரு பாதியும் கிண்ணம் மாதிரி தன் சாற்றைத் தானே வைத்துக்கொள்கிறது.

ஆறாவது கேக்கில் இந்த இரண்டும் வேலை செய்தன. பழம் அருமை, கேக் அருமை. ஸ்ட்ரூசல் மட்டும் உருகி எண்ணெயாகப் பரவி, மேலே பளபளவென்று ஒரு படலம். அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் அத்தை வந்தார். என் மாமியாருக்குக் கேக்கில் ஈடுபாடு கிடையாது, ஆனால் மாவு என்றால் கண்ணாலேயே பதம் சொல்லுவார். மிச்சம் கிண்ணத்தில் இருந்த ஸ்ட்ரூசலை எடுத்து உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். விரல் இடுக்கில் வெண்ணெய் மினுமினுத்தது.

"ஏங்கண்ணு, புட்டு மாவு எப்படி இருக்கோணும்? புடிச்சாப் புடிக்கோணும், தட்டுனா உதிரோணும். இது புடிக்குது, உதிர மாட்டேங்குதே. ஈரம் சாஸ்தி."

அதைக் கேட்டதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நான் மாவும் வெண்ணெயும் சம எடையாகப் போட்டுக்கொண்டிருந்தேன். வெண்ணெய் கூடினால் மொறுமொறுப்பு கூடும் என்ற எண்ணம். புட்டுக்குத் தண்ணீர் தெளிப்பது போல இதற்கு வெண்ணெய். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சேர்க்க வேண்டும், பதம் வந்ததும் நிறுத்திவிட வேண்டும்.

ஏழாவதில் அப்படித்தான் செய்தேன். 100 கிராம் மைதா, 60 கிராம் நாட்டுச் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, முக்கால் தேக்கரண்டி பட்டைத்தூள், ஒரு ஏலக்காய். ஃப்ரிட்ஜிலிருந்து நேராக எடுத்த உப்பில்லாத வெண்ணெய், சின்னச் சின்னத் துண்டாக. நாட்டுச் சர்க்கரையை முதலில் சலித்துக்கொள்ளுங்கள், அதில் இருக்கிற கட்டிகளை வெண்ணெய்க் கட்டி என்று நினைத்து ஏமாறுவோம். உள்ளங்கையைப் பயன்படுத்தக் கூடாது, அது சூடு. விரல் நுனியால் மட்டும், உதிரி உதிரியாகப் பிசிற வேண்டும். முதலில் 45 கிராம் வெண்ணெய் போட்டேன், ரவை மாதிரி இருந்தது, பிடித்தால் நிற்கவில்லை. இன்னும் 10 கிராம். பிடித்தால் நின்றது, ஆனால் தொட்டதுமே பொடியாகக் கொட்டியது. இன்னும் 5 கிராம். கைப்பிடியில் அழுத்தினேன், விரல் தடம் பதிந்து கொழுக்கட்டை மாதிரி நின்றது. கட்டைவிரலால் தட்டினேன், நாலைந்து கட்டியாக உடைந்து விழுந்தது. கையில் எண்ணெய்ப் பிசுக்கே இல்லை. அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இப்ப செரி" என்றார்.

ஆக 60 கிராம். மாவின் எடையில் பாதிக்குச் சற்றே மேல்.

அதோடு நிற்கவில்லை. மொத்தத்தையும் கைப்பிடி கைப்பிடியாக அழுத்தி, உடைத்து, கோதுமை ரவை சலிக்கிற சல்லடையில் போட்டு ஆட்டினேன். மேலே நின்றது கடலைப்பருப்பு அளவிலிருந்து கொண்டைக்கடலை அளவு வரை. கீழே விழுந்த பொடியைத் திரும்பவும் அழுத்திக் கட்டியாக்கினேன். இந்தப் பொடிதான் இத்தனை நாளும் எதிரி. பொடி சீக்கிரம் உருகும், பழச்சாற்றில் கரையும், கரைந்து மற்ற கட்டிகளையும் இழுத்துக்கொண்டு போகும். கட்டிகளைத் தட்டில் பரப்பி ஃப்ரீசரில் இருபது நிமிஷம் வைத்தேன். கேக் மாவு டின்னில் போய், பழம் அடுக்கி, அவனும் சூடான பிறகுதான் வெளியே எடுத்துத் தூவினேன்.

அவன் பற்றியும் ஒரு வார்த்தை. என்னுடையது 28 லிட்டர் ஓ.டி.ஜி., மேலும் கீழும் சூட்டுக் கம்பி வைத்த சின்ன மின்சார அவன். மேல் கருகிவிடும் என்று பயந்து, முதல் அரைமணி நேரம் கீழ்க் கம்பி மட்டும் போட்டுக்கொண்டிருந்தேன். அது ஸ்ட்ரூசலுக்கு எமன். மெதுவாகச் சூடாகி, உருகுவதற்கு நிறைய நேரம் கிடைத்துவிடுகிறது. இந்த முறை ஆரம்பத்திலிருந்தே இரண்டு கம்பியும் போட்டு, டின்னைக் கீழ்த்தட்டில் வைத்தேன். மேல்சூடு பட்டதும் கட்டிகளின் வெளிப்புறம் சீக்கிரம் இறுகிவிட்டது. முப்பத்தைந்தாவது நிமிஷம் நிறம் போதும் என்று தோன்றியது, ஃபாயிலை லேசாக மூடினேன். மொத்தம் 52 நிமிஷம். உள்ளே ஒரு சின்ன அவன் தெர்மாமீட்டரும் தொங்குகிறது. திருகியில் 170 வைத்தால் உள்ளே 190 காட்டுகிறது. இது தெரியாமல் எத்தனை கேக்கைக் கருக்கியிருப்பேன்!

குச்சி குத்திப் பார்ப்பதை இந்தக் கேக்கில் நம்பாதீர்கள். பிளம்ஸில் குத்தினால் ஈரமாக வரும், ஸ்ட்ரூசல் வழியாக இழுத்தால் ஒட்டியது துடைபட்டுச் சுத்தமாக வரும். பாகு பார்க்க வாங்கிய டிஜிட்டல் தெர்மாமீட்டரை நடுவில் பழம் இல்லாத இடமாகப் பார்த்துச் செருகினேன். 97 காட்டியதும் எடுத்துவிட்டேன்.

கீழ்ப்பகுதிக்கு நான் போட்ட அளவு, 8 அங்குல டின்னுக்கு: மைதா 200 கிராம், வெண்ணெய் 115, சர்க்கரை 140, முட்டை இரண்டு, கட்டித் தயிர் 120, பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி, சமையல் சோடா கால். பிளம்ஸ் கொட்டை நீக்கி 300 கிராம். செய்முறை வழக்கமான வெண்ணெய் கேக்தான்.

டின் கழற்றுகிற அடி வைத்ததாக இருக்க வேண்டும். இந்தக் கேக்கைக் கவிழ்க்க முடியாது, கவிழ்த்தால் பட்ட பாடெல்லாம் தட்டில் கொட்டிவிடும். டவுன்ஹால் பக்கம் பேக்கிங் சாமான் விற்கிற ஒரு கடையில் பக்கக் கொக்கி போட்ட டின் வாங்கினேன். அடி வழியாக வெண்ணெய் கசிகிறது, வெளியே ஃபாயில் சுற்றினால் போதும்.

பிளம்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது பர்லியாரில் சாலையோரப் பழக்கடைகள் இருக்கின்றனவே, அங்கேதான் வாங்குகிறேன். அரசுத் தோட்டக்கலைப் பண்ணை இருக்கிற இடம், மங்குஸ்தானுக்குப் பேர் போனது. மே மாதம் சிம்ஸ் பூங்கா பழக்கண்காட்சிக்குப் போய்விட்டு இறங்கும்போது முதல் 3 கிலோ வாங்கினேன். கடைக்கார அக்கா "ஏனுங்க, திங்கறதுக்கா, ஜாம் போடறதுக்கா?" என்று கேட்டார். கேக்குக்கு என்றதும் நன்றாகப் பழுத்ததை ஒதுக்கிவிட்டு, அழுத்தினால் லேசாக மட்டும் அமுங்குகிறதாகப் பொறுக்கிக் கொடுத்தார். அது எவ்வளவு சரி என்று பிறகுதான் புரிந்தது. கனிந்த பழம் அவனில் கரைந்தே போய்விடும். தோல்மேல் வெள்ளையாகப் படிந்திருப்பதைப் பார்த்து மருந்து என்று பயப்பட வேண்டாம், அது பழத்தின் இயற்கை மெழுகு. அது கலையாமல் இருந்தால் அதிகம் கைபடாத பழம் என்று அர்த்தம். சூப்பர்மார்க்கெட்டில் பெட்டியில் வருகிற பெரிய இறக்குமதிப் பிளம்ஸில் ஒருமுறை செய்தேன், வெறும் இனிப்புதான், நம் மலைப் பழத்தின் தோல் புளிப்பு அதில் இல்லவே இல்லை.

பிளம்ஸ் முடிந்ததும் கொடைக்கானல் பேரிக்காய் வந்துவிடும். அது இன்னும் கெட்டி, சாறு குறைவு, ரஸ்க் தூள் தேவைப்படாது என்று நினைக்கிறேன். பட்டைக்குப் பதில் சுக்குத்தூள் போட வேண்டும். கொல்லிமலை அன்னாசிக்கும் ஆசைதான், ஆனால் நீர் விடுவதில் அது பிளம்ஸுக்குக் குறைந்ததில்லை, கல்லில் சுட்டு ஈரத்தை வற்றவைத்துவிட்டுப் போட்டால் நிற்கலாம். மைசூர்பாகு கட்டுகிற பதத்தில் கடலைமாவை நெய்யில் வறுத்து, அதில் ஸ்ட்ரூசல் செய்தால் எப்படி இருக்கும் என்றும் ஒரு யோசனை ஓடுகிறது.

அதற்கு முன்னால் இந்தக் கேக்கையே இன்னும் முடிக்கவில்லை. இன்று காலை மிச்சத் துண்டை எடுத்துப் பார்த்தேன். கேக் நேற்றைவிட ஈரமாக, நேற்றைவிட ருசியாக இருக்கிறது. ஆனால் ஸ்ட்ரூசலின் மொறுமொறுப்பு போய்விட்டது. டப்பாவில் மூடி வைத்ததால் உள்ளே இருந்த ஈரம் ஏறியிருக்கிறது. ஒரு துண்டை மூடாமல் துணி போட்டு வைத்திருந்தேன், அது பரவாயில்லை. இன்னொரு துண்டை அவனில் மேல்கம்பி போட்டு ஐந்து நிமிஷம் காட்டினேன், கட்டிகள் திரும்ப முறுகின. நாட்டுச் சர்க்கரையே ஈரத்தை இழுக்கிறதோ என்று சந்தேகம். அடுத்த முறை பாதி வெள்ளைச் சர்க்கரை போட்டு, இரண்டையும் ஒரே கேக்கில் ஆளுக்குப் பாதியாகத் தூவி, ராத்திரி முழுக்க வைத்துப் பார்க்கப் போகிறேன். ஃப்ரிட்ஜில் ஒன்றரைக் கிலோ பிளம்ஸ் இருக்கிறது. அடுத்த வாரம் வந்தால் பழம் இருக்குமோ என்னவோ என்று பர்லியார் அக்கா சொல்லியிருக்கிறார். தயிரை இப்போதே துணியில் கட்டிவிட்டேன்.