மெத்திலீன் புளூவுக்கு ஒரு 660 நானோமீட்டர் விளக்குப் பெட்டி

ஒளி பட்டால் வேலை செய்யும் மருந்தைக் கொடுத்து, ஒளி அடித்துச் செல்லைக் கொல்லும் போட்டோடைனமிக் தெரபி ஆராய்ச்சியில் செல் அளவிலான சோதனைகளுக்கு லேசர் கட்டாயமில்லை. அப்படிப்பட்ட மருந்தான மெத்திலீன் புளூ என்ற சாயம் 664 நானோமீட்டரில்தான் அதிகம் உறிஞ்சும், 660 நா.மீ. டீப் ரெட் எல்இடி அதற்குப் போதும். செல் வளர்க்கும் 24 குழித் தட்டு (24 வெல் பிளேட்) முழுவதற்கும் ஒளி தரும் பெட்டியை காரைக்குடியில் நாங்கள் கட்டிய விதம் இது.

கடையில் வெறுமனே 'ரெட்' என்று கேட்டால் 620–630 நா.மீ. எல்இடிதான் வரும். அது புரோட்டோபோர்ஃபிரின் என்ற இன்னொரு ஒளி உறிஞ்சும் பொருளுக்கு ஓரளவு சரி, மெத்திலீன் புளூவுக்கு ஆகாது. கண்ணை நம்பித் தேர்ந்தெடுக்கவும் முடியாது. ஒரே மில்லிவாட்டில் எரிந்தாலும் 660, 630-ஐவிட நாலில் ஒரு பங்கு பிரகாசமாகத்தான் தெரியும். பளிச்சென்று எரிவதை எடுத்தால் தப்பானதுதான் கைக்கு வரும். 660 என்று ஒட்டியிருந்த பாக்கெட்டிலேயே 630 கலந்து வந்ததால், ஒவ்வொன்றையும் ஸ்பெக்ட்ரோமீட்டரில் காட்டிப் பார்த்த பிறகே பொருத்தினோம். முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் பெல்ஜியம் கண்ணாடிகூடக் கிடைக்கும், எல்இடியின் சூட்டைக் கடத்தும் மெட்டல் கோர் போர்டு கிடைக்காது. சென்னை ரிச்சி தெருவிலிருந்துதான் வரவழைக்க வேண்டும்.

வெல் ஒன்றுக்கு ஒரு எல்இடி என்று வைக்கத்தான் முதலில் எல்லோருக்கும் தோன்றும். ஆனால் வெல்களின் இடைவெளி 19.3 மி.மீ., எல்இடி உட்காரும் நட்சத்திர வடிவ மெட்டல் கோர் போர்டின் அகலமோ 20 மி.மீ. இடிக்கும். அதனால் 22 மி.மீ. இடைவெளியில் 6×4 ஆக 24 எல்இடி வைத்து, 60 மி.மீ. உயரத்தில் 3 மி.மீ. பால்நிற அக்ரிலிக் தகடு, அதற்கு மேல் பிளேட். பெட்டியின் உட்சுவர் முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற அக்ரிலிக். அலுமினிய டேப் ஒட்டினால் சுருக்கம் விழுந்து ஒளி திட்டுத்திட்டாகும்.

மின்சாரத்துக்கு 24 வோல்ட் எஸ்எம்பிஎஸ் பவர் சப்ளை, எட்டு எல்இடி கொண்ட மூன்று தொடர், தொடருக்கு கரண்டை நிலையாக வைக்கும் எல்எம் 317 ரெகுலேட்டர் ஒன்று. 3.6 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் போட்டால் 347 மில்லிஆம்ப் நிற்கும். ஒன்பதாவது எல்இடியைச் சேர்த்தால் ரெகுலேட்டருக்கு வோல்ட் போதாமல் போகலாம், அப்போது கரண்ட் தள்ளாடும். எல்எம் 317-இன் உலோக முதுகு அவுட்புட்டோடு இணைந்தது. மூன்றையும் ஒரே ஹீட் சிங்கில் நேரடியாக முடுக்கினால் மூன்று தொடரும் ஒட்டிக்கொள்ளும். இடையில் மின்சாரம் கடத்தாத மைக்கா வாஷர் கட்டாயம்.

நடுவில் உள்ள எட்டும் ஒரு தொடர், ஓரத்துப் பதினாறும் இரண்டு தொடர் என்று பிரித்ததுதான் இதில் பெரிய லாபம். கண்ணாடிச் சுவர் இருந்தாலும் மூலை வெல்களில் ஒளி குறையத்தான் செய்யும். நடுத்தொடரின் ரெசிஸ்டரை 3.9 ஓம் ஆக்கினால் அதன் கரண்ட் 320 மில்லிஆம்பாக இறங்கும், நடுவும் ஓரமும் நெருங்கி வரும். இன்னும் வித்தியாசம் இருந்தால் 4.3 ஓம்.

ஒளி கீழிருந்து வர வேண்டும். காரணம் கணக்கிலேயே இருக்கிறது. வெல்லில் 1 மி.லி. ஊற்றினால் ஆழம் அரை செ.மீ.க்குக் கொஞ்சம் மேல். 10 மைக்ரோமோலார் மெத்திலீன் புளூ, மோலார் உறிஞ்சுதிறன் சுமார் 75,000 என்றால் அப்சார்பன்ஸ் (ஒளியை உறிஞ்சும் அளவு) 0.4. மேலிருந்து அடித்தால் பாதிக்கும் மேற்பட்ட ஒளியைக் கரைசலே குடித்துவிடும். அடியில் ஒட்டியிருக்கும் செல்லுக்கு மிச்சம்தான். மருந்தின் அளவை ஏற்ற ஏற்ற செல்லுக்குப் போகும் ஒளியும் குறைந்துகொண்டே வரும், டோஸ் வரைபடமே கோணலாகிவிடும்.

அளப்பதில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். பவர் மீட்டரில் அலைநீளத்தை 660 என்று வைக்காமல் 405-இல் விட்டுவிட்டால் சிலிக்கான் சென்சார் காட்டும் எண்ணை நம்ப முடியாது. அது காட்டுவது மொத்த மில்லிவாட். 9.5 மி.மீ. துளையுள்ள சென்சார் என்றால் 0.71 சதுர செ.மீ.யால் வகுக்க வேண்டும், வெல்லின் பரப்பால் அல்ல. பிளேட்டுக்குப் பதில் 24 துளை போட்ட கறுப்பு அட்டையை அதே உயரத்தில் வைத்து, துளைமேல் பிளேட்டின் அடியை வெட்டிய துண்டு ஒன்றையும் வைத்து அளந்தால் பிளேட்டின் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கில் ஏற்படும் இழப்பும் சேர்ந்து வந்துவிடும். 14.2 மில்லிவாட் காட்டினால் சதுர செ.மீ.க்கு 20 மில்லிவாட். அந்த அளவில் 500 விநாடி வைத்தால் சதுர செ.மீ.க்கு 10 ஜூல்.

சித்திரை, வைகாசியில் இந்தப் பக்கம் ஏசி இல்லாத அறை என்றால் கூடுதல் கவனம் வேண்டும். சிவப்பு எல்இடி சூடேறினால் ஒளி இறங்கும். அலைநீளமும் சில நா.மீ. நீளும், மெத்திலீன் புளூவுக்கு அதில் கெடுதல் இல்லை. அடியில் துடுப்பு வைத்த ஹீட் சிங்க், 80 மி.மீ. ஃபேன். ஃபேனைப் பெட்டியோடு முடுக்காமல் ரப்பர் வாஷர் மேல் உட்கார வைத்தால் பிளேட் அதிராது. விளக்கைப் போட்டு, மீட்டர் எண் அசையாமல் நிற்கும்வரை, சுமார் கால் மணி நேரம் விட்டுவிட்டு, அட்டையால் மூடித் திறந்து நேரம் கணக்கிடுங்கள். சுவிட்சைப் போட்டு அணைத்து நேரம் பார்த்தால் முதல் சில நிமிடம் டோஸ் கூடிவிடும். கரண்ட் நடுவில் போய்வந்தால் அந்த பிளேட்டைத் தள்ளிவிட வேண்டியதுதான், யுபிஎஸ் போட்டுக்கொள்வது மலிவு.

ஒரு வெல்லில் தெர்மோகப்பிள் இறக்கி மீடியத்தின் சூட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். 42 டிகிரியை நெருங்கினால் செல் செத்தது ஒளியாலா சூட்டாலா என்று பிரிக்க முடியாது. மருந்து மட்டும், ஒளி மட்டும், இரண்டும் இல்லாதது என மூன்று கன்ட்ரோலும் வேண்டும். இருட்டுக் கன்ட்ரோலை ஃபாயில் சுற்றித் தனி பிளேட்டில் வையுங்கள். அதே பிளேட்டின் ஓரத்தில் வைத்தால் பக்கத்து வெல்லின் ஒளி கசியும்.