பட்டியைச் சுற்றி நடக்கும் வெளிச்சம்

கென்யாவின் நைரோபி தேசியப் பூங்காவின் தெற்குப் பக்கத்துக்கு வேலி கிடையாது. அந்த வழியே வரும் சிங்கங்கள் மாடு மேய்க்கும் மசாய் மக்களின் பட்டிகளில் மாடு அடிக்கும். பதிலுக்குச் சிங்கமும் சாகும். ரிச்சர்ட் துரேரே என்ற சிறுவன் 11 வயதில் இதற்கொரு வழி கண்டான். முதலில் தீ மூட்டிப் பார்த்தான். அது மாடுகளைச் சிங்கத்துக்குக் காட்டிக்கொடுத்ததுதான் மிச்சம். நிறுத்திவைத்த பொம்மை ஒரே இரவு தாங்கியது. டார்ச்சோடு பட்டியைச் சுற்றி நடந்தபோதுதான் சிங்கம் ஒதுங்கியது. ஆக, அது அஞ்சியது அசையும் வெளிச்சத்துக்கு. பழைய கார் பேட்டரி, சோலார் பேனல், விளக்கை விட்டுவிட்டு எரியவைக்கும் பைக் இண்டிகேட்டர் பெட்டி, உடைந்த டார்ச் பல்புகள் ஆகியவற்றால் விளக்குகளை மாறி மாறி மின்னவிட்டு அந்த நடையைப் போலி செய்தான்.

இதைப் பார்த்துச் செய்பவர்களின் காலை முதலில் வாருவது அந்த இண்டிகேட்டர் பெட்டி. பழைய ரகம், பல்பு இழுக்கும் மின்சாரத்தை நம்பித் துடிப்பது. எல்.ஈ.டி. இழுப்பது அதற்குப் போதாது. தாறுமாறாகத் துடிக்கும், இல்லையேல் துடிக்கவே செய்யாது. அதற்குப் பதில் எல்.ஈ.டி.க்கான எலக்ட்ரானிக் மின்னல் பெட்டி (பிளாஷர்) போடுங்கள்.

அடுத்தது பேட்டரி. 1 வாட் விளக்குகள் 8, பாதி நேரம் எரிந்தால் சராசரி 4 வாட். அங்கே இரவு 12 மணி நேரம், ஆக 48 வாட்-மணி. 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் 84 இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் லெட்-ஆசிட் பேட்டரியைத் தினமும் பாதிக்குமேல் வடித்தால் சீக்கிரமே படுத்துவிடும்; விடிவதற்குள் விளக்கு அணையும். 12 ஆம்பியர்-மணியும் 20 வாட் பேனலும் வேண்டும். பேனலில் படியும் புழுதியைத் துடைக்காவிட்டால் இந்தக் கணக்கும் பொய்.

விளக்குகள் வெளிப்பக்கம் பார்க்கட்டும்; உள்ளே அடித்தால் தீ மூட்டிய கதைதான். மனிதர் டார்ச் பிடிக்கும் உயரம், சுமார் ஒன்றேகால் மீட்டர், போதும். இரண்டு பிளாஷர்களில் பிரித்து, துடிப்பு ஒன்றோடொன்று ஒட்டாமல் பாருங்கள். வயரைக் குழாய்க்குள் விடுங்கள், ஆடு விட்டுவைக்காது.

ஒரே இடத்தில் ஒரே தாளத்தில் மாதக்கணக்கில் மின்னினால் சிங்கத்துக்குப் பழகிவிடும். அந்தியில் போட்டு விடிந்ததும் அணைக்க வேண்டும். அவ்வப்போது இடம் மாற்ற வேண்டும். எல்லா விலங்கும் இதற்கு அஞ்சாது. சிலியின் ஆண்டிஸ் மேட்டுநிலத்தில் நடந்த சோதனையில் மின்னும் விளக்குகள் லாமா, அல்பாகா மந்தைகளிடமிருந்து பூமா என்ற பெரிய காட்டுப்பூனையை விலக்கின, நரியை விலக்கவில்லை.

விளக்கு இருக்கிறதென்று முள்வேலியைக் கவனிக்காமல் விடுவதும் உண்டு. சிங்கம் உள்ளே நுழையவே வேண்டாம், அதன் வாடைக்கே மாடுகள் மிரண்டு முட்டிக்கொண்டு வெளியே ஓடும். வாசலுக்கு முட்கிளை போதாது. பலகைக் கதவு போட்டு, உட்பக்கமாகத் திறக்கும்படி மாட்டினால், மாடுகள் முட்ட முட்ட அது இறுகும்.